தொழுநோய்க் குடியிருப்புக் காசுகள்: சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

பிலிப்பைன்ஸின் குலியோன் தீவில் அமெரிக்க நிர்வாகம் 1906-இல் தொழுநோயாளர் குடியிருப்பைத் திறந்தது. 1913-இலிருந்து அதற்கென்றே தனிக் காசு. தீவுக்கு வெளியே செல்லாது. இன்று அவை ஏலத்தில் கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் பலர் கைக்கு வந்த வாரத்திலேயே கெடுத்துவிடுகிறார்கள்.

தேய்த்துக் கழுவுவது

முதல் வெளியீடு அலுமினியம். அரை சென்டாவோ முதல் ஒரு பெசோ வரை (நூறு சென்டாவோ ஒரு பெசோ). சாம்பல் பூத்து, பொத்தல் விழுந்துதான் வரும். அழுக்கென்று நினைத்துச் சலவை சோடாவில் ஊறப்போடுகிறார்கள், சபீனா போட்டுத் தேய்க்கிறார்கள். அலுமினியத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. சோடா நீரில் குமிழி கிளம்பினால் அழுக்கு போகிறது என்று அர்த்தமில்லை, உலோகம் கரைகிறது. காசு கறுத்து, எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். திரும்ப வராது.

அந்தப் பொத்தல் எங்கிருந்து வந்தது? குடியிருப்பில் பயன்படுத்திய கிருமிநாசினியை அலுமினியம் தாங்கவில்லை. பின்னாளில் செம்பு-நிக்கலுக்கு மாறியதற்கு அதுவே காரணம். காசு பட்ட பாட்டுக்கு இருக்கிற ஒரே சாட்சியைத் தேய்த்து அழிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பிசுபிசுப்பு இருந்தால் மட்டும்: கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன், ஐந்து நிமிடம். நகப்பூச்சு நீக்கி கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு புதுப் பொத்தல் போடும்.

நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்

ஒட்டாது.

எல்லாமே குலியோன் என்பது

மற்ற நாடுகளின் தொழுநோய்க் குடியிருப்புகளுக்கும் தனிக் காசு உண்டு. கொலம்பியாவின் 1901 காசுகள் பித்தளை. இரண்டரை முதல் 50 சென்டாவோ வரை, ‘லசரேட்டோ’ (தொழுநோயாளர் இல்லம்) என்ற எழுத்தைப் பாருங்கள். புளி போட்டுத் துலக்கினால் இவற்றின் பழமை நிறம் போய்விடும். பனாமா கால்வாய்ப் பகுதியின் பாலோ செகோவிலும் தனிக் காசு இருந்தது. தமிழரும் வாழ்ந்த மலாயாவின் சுங்கை பூலோவிலோ காகித நோட்டு.

உலோகம் பாராமல் வாங்குவது

குலியோனின் 1920 பெசோ அலுமினியம், 1922 பெசோ செம்பு-நிக்கல். காந்தம் உதவாது, இரண்டுமே ஒட்டாது. தராசில் வையுங்கள்: ஒரே அளவுக்கு அலுமினியத்தின் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பி.வி.சி. உறை

வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் உறை போதும், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம். அலுமினியக் காசையும் செம்பு-நிக்கல் காசையும் ஒரே உறைக்குள் ஒன்றையொன்று தொடும்படி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும்.