வளவுக்குள் குளம் வெட்டும்போது விடும் பிழைகள்

ஆவணி, புரட்டாதியில் வெட்டுவதுதான் மட்டக்களப்பில் நம் பக்கத்தில் வழக்கம். மண் காய்ந்திருக்கும், கரை நிற்கும். வெட்டுவதற்கு அது நல்ல காலம்தான். ஆனால் அப்போது தெரியும் நீர்மட்டத்தை நம்பி ஆழத்தை முடிவு செய்வதுதான் முதல் பிழை. கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரை கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணலில், மார்கழி மழையோடு தண்ணீர் கிடுகிடுவென்று மேலே வந்துவிடும். மம்பட்டியை எடுக்குமுன் வளவுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். உட்சுவரில் பாசி பிடித்த கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ, மாரியில் தண்ணீர் அதுவரை வருகிறது என்று வையுங்கள்.

அந்தக் கோட்டுக்குக் கீழே குழி வெட்டி, தறப்பாளோ கறுப்புப் பொலித்தீனோ விரிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுவது. வெளியே நிலத்தடி நீர் குளத்துத் தண்ணீரைவிட 1 அடி உயர்ந்தால் போதும், விரிப்பின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் சுமார் 300 கிலோ மேலே தள்ளும். விரிப்பு பூரி போல உப்பி எழும்பும். நாலு கல்லைத் தூக்கி வைத்தால் அடங்கும் என்பார்கள், அடங்காது. சரி, சீமெந்துத் தளம் போடலாம் என்றால், 4 அங்குலக் கொங்கிறீற்று சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 240 கிலோதான். குளம் வெறுமையாக இருந்தால் தளமே தூக்கப்பட்டு வெடிக்கும். ஆகவே மாரி நடுவில் கழுவுகிறேன் என்று குளத்தை வற்றவைக்காதீர்கள். பங்குனி வரை பொறுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஊற்று வந்ததும் மோட்டரைப் போட்டு விடிய விடிய இறைப்பது அடுத்தது. தண்ணீரோடு மணலும் வரும். அடி கலங்கும், கரை சரியும், பக்கத்தில் மதில் இருந்தால் அத்திவாரத்தின் கீழ் மண் கரையும். மணலில் செங்குத்தாக வெட்டவே கூடாது. 1 அடி ஆழத்துக்கு 2 அடியாவது சரிவு விடுங்கள். இன்னொன்று, கரையோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல்தான் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அந்த மேல்மட்டம் இறைப்பில் இறங்கினால் உப்பு கீழிருந்து ஏறும். உங்கள் குளத்துக்காக அயலவர் கிணறும் உவர்க்கும்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் களிமண்ணில் கதை வேறு. ஊற்று மெதுவாக வரும், ஆனால் பெய்த மழை விரிப்புக்கு அடியில் போய்த் தேங்கி வெளியேற வழியில்லாமல் நிற்கும். அங்கே அடியில் சல்லி போட்டு, துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றைப் புதைத்து, அதன் வாயை ஒரு மூலையில் மேலே எடுத்து வையுங்கள். உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கலாம், தேவைப்பட்டால் அதன் வழியே இறைக்கவும் செய்யலாம்.

என்னைக் கேட்டால், கடலோர மணல் பக்கமான எழுவான்கரையில் இரண்டே வழிதான். விரிப்பே வேண்டாம் என்று, சுவர் கட்டாத மணற்கிணறான துரவு போல விட்டுவிடலாம். கோடையில் இறங்கும், மாரியில் ஏறும், ஆம்பல் அதற்கெல்லாம் கோபிக்காது. மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் மட்டும் வெட்டாதீர்கள், நிலத்தடி நீர் இரண்டுக்கும் ஒன்றுதான். நுளம்புக்குக் கொஞ்சம் கப்பி மீன் விடுங்கள். இல்லை, வருடம் முழுக்கத் தெளிந்த தண்ணீர் வேண்டும் என்றால், பாசிக் கோட்டுக்கு மேலேயே அடியை நிறுத்தி, மிச்ச ஆழத்துக்குக் கரையை நிலத்துக்கு மேல் கல் வைத்துக் கட்டுங்கள்.