தாயம் விழும்வரை: சித்தூர்ப் பக்கம் ஊருக்குப் போகிறவர்களுக்கு

நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் அல்ல. அப்பாவின் நிலத்தில் என் பங்குக்காக மெல்போர்னிலிருந்து நான் அனுப்பிய பவர் பத்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆந்திராவுக்குப் போய்ச் சுற்றிவிட்டு மூன்று வாரம் கழித்து வந்தது. பின்கோடு 678 என்று தொடங்கினால் நம் ஊர், 517 என்றால் அந்த ஊர். கொட்டை எழுத்தில் எழுதுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். அதில் மூன்று வாரம் போனால் வயிறு கலங்கும். எனக்குக் கலங்கியது. சரி, நேரிலேயே போய்விடுவோம் என்று டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கோவையில் இறங்கி, வேலந்தாவளம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போகிற வழியெல்லாம் தமிழ்தான். டீக்கடையில் தமிழ், பஸ்ஸில் தமிழ். அந்தத் தைரியத்தில் வில்லேஜ் ஆபீஸுக்குள் நுழையாதீர்கள். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோதுதான் இந்தப் பக்கம் கேரளாவுக்குக் கைமாறியது என்று நினைக்கிறவர்கள் உண்டு. சித்தூர் அதற்கு முன்பே கொச்சி ராஜ்யம். அதனால் எங்கள் அப்பாரு காலத்துப் பத்திரமே மலையாளம்.

முதல் நாள் கவுண்டரில் இருந்தவர் "ஆதாரம் உண்டோ?" என்றார். நான் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவள், ஆதார் கார்டு கிடையாது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆதாரம் என்றால் அங்கே கிரயப் பத்திரம். அது என் கைப்பையிலேயே இருந்தது. இரண்டு நாள் போயிற்று. பிறகு "போக்குவரவு நடத்தியோ?" என்றார்கள். காரில் வந்தேன் என்றேன். போக்குவரவு என்றால் பட்டா மாற்றம். கரம் என்றால் நிலவரி, அந்த ரசீது இல்லாமல் எதுவும் நகராது. கதவில் 'அவதி' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தால் அன்று விடுமுறை. எனக்கு அந்தச் சொல் தமிழிலும் பொருந்திற்று.

அப்புறம் அப்பாவின் பெயர். பத்திரத்தில் ஒரு மாதிரி, என் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. மூவரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்று வேண்டும். அதை வாங்க ஒன்பது நாள் நடந்தேன். இதில் ஒரு நாள் ஹர்த்தால், இரண்டு நாள் அதிகாரி வெளியே போயிருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் சித்தப்பா. "கண்ணு, நீ எங்க வந்து காடு பாக்கப் போறே? ஒழிமுறி எழுதிக் குடுத்துட்டுப் போ, சோலி முடிஞ்சுது." ஒழிமுறி என்றால் விடுதலைப் பத்திரம். என் பங்கு இனி எனக்கு வேண்டாம் என்று நானே எழுதித் தருவது. உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தால் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே அதைச் சொல்கிறது. குடியுரிமை மாறினால் பங்கு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓசிஐ அட்டைக்காரர், அதாவது என்னைப்போல் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர், விவசாய நிலத்தை விலைக்குத்தான் வாங்க முடியாது, வாரிசாக வருவதற்குத் தடையில்லை. காப்பி டம்ளரோடு நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், நீட்டுகிறவர் உங்களைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவராக இருந்தாலும்.

இப்படி ஒரு வாரம். நான் வீட்டுக்குள் வந்தால் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் போனோடு கிடந்தார்கள்.

ஹர்த்தால் அன்று வண்டி இல்லை, கடை இல்லை. அத்தை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பல்லாங்குழிப் பலகையையும், ஒரு டப்பா புளியங்கொட்டையையும், பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் எடுத்து வைத்தார். யாரையும் கூப்பிடவில்லை. திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட ஆரம்பித்தார். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும், அட்டையில் அச்சடித்த ஆட்டமெல்லாம் பறந்துவிடும். தரையில் போட்ட கோடுதான் நிற்கும்.

அரை மணியில் இரண்டு பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழ வேண்டும், எட்டு உருட்டுக்கு ஒரு தடவை வாய்க்கிற கணக்கு. பையன் பத்துப் பன்னிரண்டு தடவை உருட்டியும் விழவில்லை. வில்லேஜ் ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்றாள் மகள். அத்தை வெகுநேரம் சிரித்தார்.

சாயங்காலம் சித்தப்பா காகிதத்தோடு வந்தார். திண்ணையைப் பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிறு வயதில் எனக்குக் கட்டை உருட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். விரலால் லேசாகத் தடுத்து வேண்டிய பக்கத்தை விழவைக்கிற அதே அழுகுணி ஆட்டம், அறுபத்தெட்டு வயதிலும் விடவில்லை. நான் பிடித்தேன். "உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார். இரண்டு மணி நேரம் நான் பல்லைக் கடிக்கவில்லை. விளையாட்டு மன அழுத்தத்துக்கு மருந்தா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்று அவர் காகிதத்தை எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தார்.

போகிறவர்களுக்குச் சொல்வது இது: நிலப் பேச்சை எடுக்கும் முன் இந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். விதிகளை இணையத்தில் படித்துவிட்டுப் போகாதீர்கள், பெரியவர்கள் சொல்லித் தரட்டும், அவர்களோடு பிள்ளைகள் சண்டை போடட்டும். வீடியோ எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், அத்தை உடனே சேலையைச் சரிசெய்துகொண்டு பேச்சையே நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் பெயர் மாறும். நம் கிட்டிப்புள் அவர்களுக்குக் 'குட்டியும் கோலும்', நம் கல்லாங்கல் 'கொத்தங்கல்லு'. பிள்ளைகள் எப்படியோ புரிந்துகொள்வார்கள். புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவர் கையில் வைக்கிற வேலையை மட்டும் நீங்கள் சொல்லித் தராதீர்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பலகையைத் துடைக்கும்போது கேட்டேன், நாங்கள் இல்லாதபோது யாரோடு ஆடுவீர்கள் என்று.

"யாரு இருக்கா? சீதைப் பாண்டிதான்."

அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியதாகச் சொல்லும் ஆட்டம் அது. நான் ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அத்தை தன் பங்குக்கு ஒழிமுறி எழுதிக் கொடுத்ததும் அன்றுதான் தெரிந்தது. "அப்பக் கேட்டாங்க, போட்டேன்" என்றார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் சான்று கிடைத்தது. ஒழிமுறியில் நான் கையெழுத்துப் போடவில்லை. சித்தப்பா வழியனுப்ப வரவில்லை.

ஆஸ்திரேலியா திரும்புகிறவர்கள் விதை எதையும் கொண்டுவராதீர்கள், இருந்தால் பயண அட்டையில் எழுதிக் காட்டுங்கள். மெல்போர்ன் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் பையன் கால்சட்டைப் பையைத் திறந்து காட்டினான். நான்கு புளியங்கொட்டை. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்காரருக்குச் சொந்தம். "இது நான் ஜெயிச்ச பசு" என்றான். அதிகாரியிடம் கொடுத்தோம், வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

பதினான்கு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் 70. அத்தை தினமும் எண்ணிப் போடுகிறவர். போனில் பேசும்போதெல்லாம் மழை உண்டா, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றுதான் கேட்கிறார். நானும் கொட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.