ஏ549 செல்களுக்கு குளோரோகுயின் கொடுத்துப் பார்ப்பது எப்படி

மலேரியா மருந்தான குளோரோகுயின் நுரையீரல் புற்றுநோய்ச் செல்லை என்ன செய்கிறது என்று பார்க்க, புதுச்சேரியில் எங்கள் லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எவ்வளவு டோஸ் போடணும் அக்கா?" முதலில் செல்லைப் பாருங்கள் என்பேன். ஏ549, 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் புற்றுநோய்க் கட்டியிலிருந்து 1972-இல் வளர்க்கப்பட்டது. நல்ல நிலையில் இருந்தால் தட்டில் ஒட்டிப் பரவியிருக்கும். நிறைய செல்கள் உருண்டு மிதந்தால் அன்றைக்குத் தொடங்காதீர்கள்.

96 குழித் தட்டில் குழிக்கு 5,000 செல், 100 மைக்ரோலிட்டர் மீடியத்தில் (செல் வளர்க்கும் சத்துத் திரவம்). ஓரக் குழிகளில் செல் வேண்டாம், பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் மட்டும் ஊற்றுங்கள். ஓரத்தில் நீர் சீக்கிரம் ஆவியாகி மருந்து அடர்ந்துவிடும். என் முதல் தட்டுகளில் ஓரத்துச் செல்கள்தான் அதிகம் செத்தன. மருந்தின் வேலை என்று இரண்டு வாரம் நம்பியிருந்தேன்.

ஒரு நாள் ஒட்ட விட்டு, அப்புறம் மருந்து: 0, 5, 10, 20, 40, 80 மைக்ரோமோலார், ஒவ்வொன்றும் மூன்று குழி, 48 மணி நேரம். குளோரோகுயின் டைபாஸ்பேட் தண்ணீரிலேயே கரையும். இன்னொரு மலேரியா மருந்தான ஆர்ட்டிசுனேட் என்றால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் வேண்டும். அப்போது மருந்தில்லாத குழிகளிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ இருக்க வேண்டும்.

எம்டிடி (உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும் மஞ்சள் சாயம்) சேர்க்கும் முன் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், தயவுசெய்து. செல்லுக்குள் ஆப்பத்தில் கண் விட்டதுபோல் குமிழ்கள் தெரியும். குளோரோகுயின் லைசோசோமுக்குள் (செல்லின் கழிவைச் செரிக்கும் அமிலப் பை) புகுந்து அமிலத்தைக் குறைக்க, அது வீங்கியிருக்கிறது. செல் இன்னும் சாகவில்லை. படம் எடுத்து வையுங்கள், நிறத்தை அளக்கும் ரீடர் தரும் எண்ணில் இது தெரியாது.

சரி, இனி எம்டிடி. மில்லிக்கு 5 மில்லிகிராம் கரைசலில் குழிக்கு 10 மைக்ரோலிட்டர், வெளிச்சம் படாமல் 37 டிகிரியில் நான்கு மணி நேரம். மஞ்சள் மாறி ஊதா ஊசிகளாகப் படியும். மீடியத்தை மேலிருந்து மெல்ல உறிஞ்சுங்கள், அவசரப்பட்டால் ஊசிகளும் சேர்ந்து போய்விடும். 100 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்து 570 நானோமீட்டரில் படியுங்கள். எம்டிடி காட்டுவது செல்லின் வளர்சிதை மாற்றத்தை மட்டுமே. அதனால் செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் ப்ளூ போட்டு எண்ணியும் பாருங்கள். எம்ஆர்சி-5 போன்ற சாதாரண நுரையீரல் செல்லுக்கும் இதே டோஸ்களைக் கொடுங்கள். அதுவும் சேர்ந்து செத்தால் அது வெறும் நஞ்சு.

கடலூரிலிருந்து பெரியம்மா, "அந்த மலேரியா மாத்திரையை மாமாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?" என்று போனில் கேட்டார். கண்டிப்பாக வேண்டாம் என்றேன். தட்டில் போடும் 40 மைக்ரோமோலார் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும்.

வேறு வேறு நாளில், புதிதாகப் பிரித்த செல்லில் மூன்று முறை செய்த பிறகே எண்ணை நோட்டில் எழுதுங்கள், குமிழ்ப் படத்தைப் பக்கத்தில் ஒட்டி.