எக்செல் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்திலேயே கன்ட்ரோல் லிமிட் காட்டுவது எப்படி?

கன்ட்ரோல் லிமிட் என்பது பிராசஸ் ஒழுங்காக ஓடும்போது அளவுகள் வழக்கமாக அடங்கும் மேல், கீழ் எல்லைகள். சார்ட் ஒரு ஷீட்டிலும் அளவுகள் இன்னொரு ஷீட்டிலும் இருந்தால், எல்லை தாண்டிய புள்ளி எந்த ஷாஃப்டுடையது என்று விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கும். அட்டவணையிலேயே யுசிஎல் (மேல் எல்லை), எல்சிஎல் (கீழ் எல்லை) இரண்டும் இருந்தால் அந்த வேலை மிச்சம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பீஸை அளக்கிறோம், 25 மி.மீ. ஷாஃப்டின் விட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தேதி, அளவு, எம்ஆர், எல்சிஎல், யுசிஎல், நிலை என்று ஆறு தலைப்புகள் போட்டு, கன்ட்ரோல் + டி (T) அழுத்தி டேபிளாக மாற்றுங்கள். லிமிட்டை மேலே மெர்ஜ் செய்த கட்டத்தில் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஃபில்டர் போட்டால் அது உதவாது.

எம்ஆர் (மூவிங் ரேஞ்ச்) என்பது இந்த அளவுக்கும் முந்தைய அளவுக்கும் உள்ள வித்தியாசம், மைனஸ் குறி இல்லாமல். ஏபிஎஸ் ஃபங்ஷன் போதும். முதல் வரிசைக்கு முந்தைய அளவு கிடையாது, அதைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் சராசரி குறைந்து லிமிட் தவறாக இறுகிவிடும்.

இனி கணக்கு. பிராசஸ் ஒழுங்காக ஓடிய நாட்களிலிருந்து 25 அளவுகளாவது எடுங்கள். சராசரி 25.010, எம்ஆர் சராசரி 0.004 என்றால், 0.004ஐ 2.66ஆல் பெருக்க 0.0106 வரும். சராசரியோடு கூட்டினால் யுசிஎல் 25.0206, கழித்தால் எல்சிஎல் 24.9994. அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்துக்கான மாறா எண் 1.128; 3ஐ அதனால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த 2.66. எக்செலின் ஸ்டேண்டர்டு டீவியேஷன் ஃபங்ஷனை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அளவுகள் மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போனால் அந்த நகர்வையும் சேர்த்துக்கொண்டு லிமிட் அகன்றுவிடும், பிரச்சினை கண்ணில் படாது.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த இடத்தில்தான். சராசரி ஃபார்முலாவை முழு நெடுவரிசைக்கும் கொடுத்துவிட்டால், புது அளவு ஏறும்போதெல்லாம் பழைய வரிசைகளின் லிமிட்டும் மாறும். போன மாதம் சிவப்பில் இருந்த வரிசை இந்த மாதம் பச்சையாகிவிடும். ஏற்கெனவே அனுப்பிய ரிப்போர்ட்டுக்கும் கையில் உள்ளதற்கும் ஒத்துப்போகாது. அதனால் கணக்குப் போட்டு வந்த எண்களை ‘லிமிட்’ என்ற தனி ஷீட்டில், பேஸ்ட் வேல்யூஸ் கொடுத்து, எந்தத் தேதியிலிருந்து அமல் என்பதோடு பதியுங்கள். அளவு அட்டவணையில் தேதியை வைத்து விலுக்கப் (VLOOKUP) மூலம் எடுக்கலாம்: கடைசி இடத்தில் ட்ரூ, லிமிட் ஷீட்டில் தேதிகள் ஏறுவரிசை. மெஷினை மாற்றி, அளவுகள் புது இடத்தில் நிலைத்த பிறகு லிமிட் ஷீட்டில் ஒரு வரிசை சேர்த்தால் சரி, பழைய ரிப்போர்ட் அப்படியே இருக்கும்.

நிலை நெடுவரிசையில் இஃப் போட்டு ‘மேலே’, ‘கீழே’ என்று எழுத்திலேயே வரச் செய்யுங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் கறுப்பு வெள்ளை பிரின்டில் ஒன்றும் தெரியாது. லிமிட்டுக்கு அளவைவிட ஒரு தசம இடம் கூடுதலாகக் காட்டுங்கள். 25.0206ஐ 25.021 என்று சுருக்கிவிட்டால், 25.021 என்ற அளவு எல்லையிலேயே நிற்பதுபோலத் தெரியும், பக்கத்தில் ‘மேலே’ என்று இருக்கும். படிக்கிறவர் ஃபார்முலாவைத்தான் சந்தேகப்படுவார்.

டாலரன்ஸை, அதாவது டிராயிங் அனுமதிக்கும் ஏற்ற இறக்கத்தை, இதே நெடுவரிசைகளில் கலக்க வேண்டாம். டிராயிங்கில் 25 ± 0.05 என்றிருந்தால் 25.024 தாராளமாகப் பாஸ் ஆகும் பீஸ்தான். ஆனால் கன்ட்ரோல் லிமிட்டைத் தாண்டியிருக்கிறது, மெஷினைப் பார்க்க வேண்டும். இரண்டையும் காட்டியே ஆக வேண்டுமென்றால் டாலரன்ஸைத் தலைப்பு வரிசைக்கு மேலே ஒரே முறை எழுதுங்கள்.

பின்சேர்க்கை: சர்ஃபேஸ் ரஃப்னஸுக்கு எல்சிஎல் மைனஸில் வருகிறதே என்று கமென்டில் கேட்டிருந்தார்கள். ரஃப்னஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, எனவே அங்கே கீழ் எல்லையே கிடையாது. அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று போடுங்கள். நிலை ஃபார்முலாவில் எல்சிஎல் எண்ணாக இருந்தால் மட்டும் ஒப்பிடும்படி இஸ்நம்பர் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் எண்ணைவிட எழுத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, எக்செல் எல்லா வரிசையிலும் ‘கீழே’ என்று காட்டும்.