நரைத்த தாடியை ஷேவ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாடி நரைக்கத் தொடங்கிய பிறகு, முன்பு இல்லாத எரிச்சலும் கழுத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்களும் வருவதாகப் பலர் சொல்வதுண்டு. எனக்கும் நாற்பத்தைந்துக்கு மேல் அப்படித்தான் ஆனது. நரையை மட்டும் குறை சொல்ல முடியாது. இருபது வயதில் பழகிய அதே கைவாக்கில் இன்னும் ஷேவ் செய்வதுதான் பெரிய காரணம்.

முடியின் வேர்ப்பையில் மெலனின் என்ற நிறமி உண்டாவது நின்றால் முடி வெளுக்கிறது. நரைத்த தாடி முடி பலருக்கு முரடாகவும் விறைப்பாகவும் இருக்கும். வயதாக ஆக, தோலோ மெலிந்து வறண்டு, கொஞ்சம் தொய்ந்தும் போகிறது. அதனால் காய்ந்த முகத்தில் அவசரமாக நுரையைப் பூசி இழுப்பது முதல் தவறு. தண்ணீரில் ஊறினால்தான் முடி இளகும். குளித்து முடித்த கையோடு ஷேவ் செய்யுங்கள். இல்லையென்றால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள்.

அடுத்த தவறு பலர் கவனிக்காதது. வெள்ளை நுரைக்கு அடியில் வெள்ளை முடி கண்ணுக்குத் தெரியாது. எங்கே மழித்தோம், எங்கே விட்டோம் என்று புரியாமல் ஒரே இடத்தில் நாலைந்து முறை ரேசரை ஓட்டுகிறோம். தாடைக்குக் கீழே தோல் சிவப்பது பெரும்பாலும் இதனால்தான். நிறமில்லாத ஷேவிங் ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை ஓட்டியதும் விரலால் தடவிப் பாருங்கள். கழுத்தில் முடி ஒரே திசையில் வளராது. எனக்கு இடப்பக்கம் காதை நோக்கிப் படுத்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, முடி படிந்த வாக்கிலேயே மழியுங்கள்.

வழவழவென்று வர வேண்டும் என்று தோலை இழுத்துப் பிடித்து எதிர்வாக்கில் மழிப்பதுதான் முடி உள்ளே வளரக் காரணம். பல பிளேடு ரேசரில் முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது வெட்டுகிறது. வெட்டுப்பட்ட கூர்நுனி தோலுக்குக் கீழே போய்விடுகிறது. பிறகு வளரும்போது வெளியே வர வழியில்லாமல் பக்கவாட்டில் தோலைக் குத்துகிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். இவர்கள் டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு வெட்டினாலே பாதி பிரச்சினை தீரும்.

கருப்பு முடி உள்ளே வளர்ந்தால் புள்ளியாகத் தெரியும். வெள்ளை முடி தெரியாது. பரு என்று நினைத்து நான் ஒரு வாரம் கிள்ளிக்கொண்டே இருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தபோதுதான், நூல் வளையம் போல ஒரு வெள்ளை முடி தோலுக்குள் சுருண்டிருந்தது தெரிந்தது. இப்படி இருந்தால் கிள்ளாதீர்கள், வேரோடு பிடுங்கவும் வேண்டாம்; பிடுங்கிய முடி மறுபடி உள்ளேயே வளரலாம். சில நாள் ஷேவிங்கை நிறுத்தி, தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நுனி தானாக மேலே வரும். சீழ் வைத்தால், அதிலும் சர்க்கரை நோய் இருந்தால், தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் லேசரால் முடியை நீக்கும் சிகிச்சை. அது முடியிலுள்ள நிறமியைக் குறிவைத்து வேலை செய்வது. நரைத்த முடியில் அது பலிக்காது. அந்த யோசனை இருப்பவர்கள், கருப்பு முடி மிச்சம் இருக்கும்போதே மருத்துவரிடம் பேசுவது நல்லது.