நகர சாசனக் குழு முன் பேசப் போகிறீர்களா? வரைவில் பார்க்க வேண்டியவை

அமெரிக்க நகரங்களில் சாசனத்தை (நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டத்தை) திருத்தும் குழு கூடினால், பொதுமக்களுக்குப் பேசக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடம். (எச்1பி விசாவில் இருப்பவரும் பேசலாம், பெரும்பாலான ஊர்களில் ஓட்டுதான் கிடையாது.) வரைவில் தரவரிசை வாக்குமுறை, அதாவது வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்கும் முறை இருந்தால், அது நல்லதா கெட்டதா என்று தொடங்கினால் அதிலேயே நேரம் போய்விடும். வரைவைக் கையில் வைத்துக்கொண்டு எண்களைக் கேளுங்கள்.

முதலில் குழுவின் அதிகாரம். பல ஊர்களில் அது பரிந்துரைக்க மட்டுமே செய்யும். நகர கவுன்சில் நினைத்தால் அதைக் கிடப்பில் போடலாம். அப்படியென்றால் உங்கள் கடிதம் கவுன்சிலர்களுக்கும் போக வேண்டும். ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் 20 பேர் குழுவில் 15 பேர் ஆதரித்தாலே நேராக மக்கள் வாக்கெடுப்புதான். 2022-இல் 17-3 என்று போய், நவம்பரில் நிறைவேறியது.

அடுத்தது வெற்றி வரம்பு. போர்ட்லண்டில் இப்போது நான்கு தொகுதி, தொகுதிக்கு மூன்று உறுப்பினர். மூன்று இடத்துக்கு, நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் வெற்றி. 40,000 வாக்கு செல்லுபடியானால் வரம்பு 10,001. ஒருவருக்கு முதல் விருப்பமாக 12,000 விழுந்தால் உபரி 1,999. இந்த உபரியை எப்படி மாற்றுவது என்பதில்தான் கோளாறு வரும். அவருடைய வாக்குச்சீட்டுக் கட்டுக்குள்ளிருந்து 1,999 சீட்டை உருவினால், எந்தச் சீட்டு கையில் அகப்படுகிறதோ அதைப் பொறுத்து முடிவே மாறலாம். 12,000 சீட்டும் தலா சுமார் 0.167 (1,999 ÷ 12,000) மதிப்போடு அடுத்த விருப்பத்துக்குப் போவதே சரி. இதை "பின்னர் அதிகாரிகள் வகுப்பர்" என்று விட்டிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எத்தனை பேரை வரிசைப்படுத்தலாம் (போர்ட்லண்டில் ஆறு), ஒரே தரத்தில் இருவருக்குக் குறியிட்டால் அந்தச் சீட்டு என்னாகும், நடுவில் ஒரு தரத்தை விட்டால் என்னாகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கவுன்சிலில் இரட்டைப்படை எண் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. போர்ட்லண்டின் 12 பேர் 2025 ஜனவரியில் கவுன்சில் தலைவரைத் தேர்ந்தெடுக்க முயன்று, 6-6 என்று பல சுற்று இழுபட்டார்கள்.

கவுன்சிலர் சம்பளத்தில் தொகையைவிட, அதை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். தங்கள் சம்பளத்துக்குத் தாங்களே கைதூக்கும் ஏற்பாடு எந்த ஊரிலும் சந்தேகத்தைத்தான் வளர்க்கும். போர்ட்லண்டில் தனிச் சம்பளக் குழு உண்டு. புதிய கவுன்சிலருக்கு அது வைத்தது ஆண்டுக்குச் சுமார் 1,33,000 டாலர். வேலை முழுநேரமா பகுதிநேரமா என்று வரைவு சொல்லாவிட்டால் எந்தத் தொகையையும் எடைபோட முடியாது. உயர்வு அடுத்த தேர்தலுக்குப் பிறகே அமலாகும் என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

சம்பளமும் வாக்குமுறையும் ஒரே கேள்வியாக மக்கள் முன் வந்தால், சம்பளத்தின் மேலுள்ள கோபத்தில் இரண்டும் சேர்ந்து கவிழும். தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கொடுக்கும்போது பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, மாற்று வாசகத்தையும் நீங்களே எழுதிக் கெடுவுக்குள் நகர எழுத்தரிடம் சேர்த்துவிடுங்கள்.