குளம் உறைந்திருக்கும்போது வாத்துக்கு என்ன போடலாம்

இங்கிலாந்துக் குளிரில் குளத்து வாத்துகளுக்குத் தீனி போடப் போகிறீர்களா, ரொட்டி வாங்க வேண்டாம். ஃப்ரீசரில் இருக்கும் பச்சைப் பட்டாணியில் ஒரு கைப்பிடியைச் சின்ன ஜிப் பையில் பரப்பிப் போட்டு ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு நடங்கள், இருபது நிமிட நடையில் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும். வேகவைக்கத் தேவையில்லை.

ரொட்டி வயிற்றை நிரப்புமே தவிர அதில் சத்து குறைவு, குளிர் தாங்க வேண்டிய நேரத்தில் பறவைக்கு அது போதாது. பட்டாணி அப்படியில்லை, வாத்து முழுசாகவே விழுங்கிவிடும். பனிக்கட்டிக்கு நடுவே வாத்துகளும் நாமக்கோழிகளும் நீந்தி நீந்தி உறையாமல் வைத்திருக்கும் கறுப்புத் தண்ணீர்த் திட்டு ஒன்று தெரியும், அது கரையோரமாக இருந்தால் அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், தள்ளி இருந்தால் கரைப் புல்லிலேயே தூவுங்கள், அவையே வழுக்கி வழுக்கி நடந்து வந்துவிடும். பனிக்கட்டி மேல் மட்டும் வீசாதீர்கள், அதைப் பார்த்து நாயோ குழந்தையோ மேலே ஏறினால் உடைந்துவிடும்.

உப்புப் போட்ட டின் பட்டாணி இதற்கு ஆகாது. லண்டன் ராயல் பார்க்குகளில் பறவைகளுக்குத் தீனி போட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறார்கள், பறவைக் காய்ச்சல் அறிவிப்புப் பலகை இருக்கும் குளத்திலும் போடக் கூடாது. அப்புறம், போட்டதைத் தின்னாமல் விட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.